சலவை செய்த ராஜா நோட்டு

மே 6, செவ்வாய்

சகல ஜனங்களுக்கும் ஆழ்ந்த துயரத்துடன் அறிவிப்பது: எங்கள் வீட்டு ஹால் ஃபேன் இன்று காலை காலமானது. அக்னி நட்சத்திரம். கடலூர் மொத்தமும் தோசைக்கல்.

அதைவிடக் கொதிப்பு, நண்பன் விக்கி வாட்ஸ்அப்பில் வைத்த ஸ்டேட்டஸ். அதில் என் பத்து ரூபாய் நோட்டு! வெள்ளைக்கார ராஜா தலை போட்டது. பழைய சாமி படச் சட்டத்துக்குள் கிடைத்து, அப்பா எனக்கென்று கொடுத்தது. "குண்டூசி ஓட்டை இருக்குடா, டீ கூட வாங்க முடியாது" என்று போன மாதம் பேசிப் பேசியே ஒரு பழைய இயர்போனுக்கு மாற்றிக்கொண்டான். அந்தக் காலத்தில் பேங்கிலேயே நோட்டுக்கட்டைப் பின் குத்தித்தான் வைப்பார்களாம். ஓட்டை சகஜமாம். இன்றுதான் வீடியோவில் பார்த்தேன். இயர்போனில் ஒரு காதுதான் கேட்கிறது.

பழி. பழி. பழி.

மே 8, வியாழன்

நாள் முழுக்க வீடியோ. என் நோட்டைச் சுருட்டியவனுக்கு வேட்டு ரெடி. பழைய நோட்டைக் கழுவவே கூடாது, இஸ்திரி அதைவிட மோசம். விலை பாதாளம்.

மாலை, பீச். விக்கி, சுண்டலோடு.

"ஞாயித்துக்கெழம சிதம்பரம் போறேன் மச்சான். கீழவீதில பழைய நோட்டு வாங்குற கடை இருக்கு. நீ வந்தே ஆகணும்."

"இப்பிடியே எடுத்துட்டுப் போனா மதிக்க மாட்டாங்கடா. சோப்புத்தூள்ல அலசி இஸ்திரி போடு. வெல டபுள்."

"நெஜமாவா?"

"எங்க மாமா மேல சத்தியம்."

எனக்கு மாமாவே கிடையாது.

மே 10, சனி

வெயில் ஜாஸ்தி. விக்கி போன்: "மச்சான், வெள்ளையா வந்துருக்குடா!" கட்டிலில் ஏறிக் குதித்தேன். அம்மா: "ஃபேனோட சேந்து புத்தியும் போச்சா?" என் மூளைக்கு மியூசியம் கட்டலாம்.

மே 11, ஞாயிறு

சிதம்பரம். கடைக்காரர் நோட்டை முகர்ந்தார். ஷட்டரைப் பாதி இறக்கி நீல டார்ச் அடித்தார். கல்யாண வேட்டி மாதிரி மின்னியது.

"சோப்புத்தூள் போட்டியா தம்பி? பழைய காகிதம் இந்த வெளிச்சத்துல மின்னவே கூடாது. அப்பிடியே கொண்டாந்திருந்தா நல்ல வெலைக்கு எடுத்திருப்பேன். இப்ப சும்மா வச்சுப் பாத்துக்க."

சிரிப்பு வந்துவிடாமல் வாயைப் பொத்திக்கொண்டேன்.

விக்கி முகம் சுருங்கிவிட்டது. "என்னுது இல்லண்ணே, இவனோடது. ஏமாத்தி வாங்கிட்டேன், மனசு கேக்கல. வித்த காச இங்கயே இவன் கையில குடுக்கலாம்னுதான் கூட்டியாந்தேன்."

"கழுவச் சொன்னது யாரு?"

"இவன்தாண்ணே. பாவம், இவனுக்கும் தெரியல."

தலையாட்டினேன். பாவம் மாதிரி.

நோட்டு இப்போது என் மேசையில். மொடமொட. இயர்போனைக்கூட அவன் திருப்பிக் கேட்கவில்லை. தெரிந்தேதான் சொன்னேன் என்று சொல்லிவிட, பஸ்ஸில் எத்தனையோ தடவை வாயெடுத்தேன். ஒவ்வொரு தடவையும் முறுக்கு வேணுமாடா என்றுதான் கேட்டேன்.