யாருடா கோல் போட்டது?

அண்ணா,

இன்று சாயங்காலம் பள்ளிக்கூட மைதானத்தில் சோடா பாட்டில் உடைக்கும் சத்தம் கேட்டது. அதைக் கேட்டாலே எனக்கு இன்னும் உடம்பு பற்றி எரிகிறது. திரும்பினால், சடுகுடு ஆடிய என் மகன் மண்ணில் மல்லாந்து கிடக்கிறான். எவன் முழங்காலோ நெற்றிப்பொட்டில் இடித்திருக்கிறது. டிரில் மாஸ்டர் பாட்டிலும் கையுமாக நிற்கிறார்.

“ஒண்ணுமில்லீங்கம்மா. மூஞ்சில சோடா அடிச்சா எழுந்துக்கினு ஓடுவான்.”

திண்டிவனத்தில் உன் முகத்திலும் இப்படித்தானே அடித்தார்கள்!

லீவில் வந்திருந்த என்னையும் நீதான் மேட்ச் பார்க்க அழைத்துப்போனாய். பந்தைத் தலையால் முட்ட எகிறினாய். இரண்டு மண்டைகள் மோதிய சத்தம் ஓரத்தில் நின்ற எனக்கே கேட்டது. பந்து கோலுக்குள் போயிற்று, நீ விழுந்தாய். நம் விழுப்புரத்து ஆட்கள் கோலைத்தான் பார்த்தார்கள். சோடா அடித்ததும் எழுந்து உட்கார்ந்து, “யாருடா கோல் போட்டது?” என்றாய். சொன்னார்கள். மறுபடியும் அதையே கேட்டாய்.

“பார்றா, போட்டதும் போட்டுட்டு ஒண்ணும் தெரியாதவனாட்டம் கேட்டுக்கினு கீறாரு தொரை!”

ஒரே சிரிப்பு. “அண்ணனுக்கு என்னமோ ஆயிடுச்சு, ஆட வேணாங்க” என்று காப்டனிடம் கெஞ்சினேன்.

“காலேஜுல பந்தாட்டமும் சொல்லித் தர்றாங்களா பாப்பா?”

அதற்கும் சிரிப்பு. உன்னைத் திரும்ப ஆட விட்டார்கள். ஜெயித்ததும் தோளில் தூக்கி, மேளம் அடித்து ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனார்கள். ரயிலில் வாந்தி எடுத்தாய், சோடா ஒத்துக்கொள்ளவில்லையாம். கண்ணை மூடினாய், அலுப்பாம். விழுப்புரத்தில் எல்லோரும் இறங்கினோம். நீ இறங்கவில்லை.

கண் பட்டுவிட்டது என்றார்கள். விதி என்றார்கள். அடிபட்டவனைப் படுக்க வைக்காமல் ஓட விட்டதற்குப் பெயர் விதியா? அந்தக் காப்டன் இன்று ஊரில் பெரிய மனிதர். கோப்பை அவர் வீட்டுக் கூடத்தில் இருக்கிறது. “கடைசி வரைக்கும் ஆடினான்யா” என்று உன்னைப் பற்றிப் பெருமை வேறு!

இன்று நான் யாரிடமும் கெஞ்சவில்லை. பாட்டிலைப் பிடுங்கி வீசினேன். “மடியிலயே வெச்சி வளத்துக்கோங்க” என்று பின்னாலிருந்து ஒரு குரல். இருக்கட்டும். வண்டி பிடித்து டாக்டரிடம் போனேன். ஓட்டம் ஆட்டம் கூடாது, பக்கத்திலேயே இருந்து பேச்சுக் கொடுத்து, பதில் தெளிவாக வருகிறதா என்று பாருங்கள் என்றார்.

இப்போது கட்டிலில் படுத்திருக்கிறான். எனக்குக் கேட்க வருவதெல்லாம் உன் கேள்வி மாதிரிதான். “யாரு கண்ணு ஜெயிச்சது?”

முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். “எங்க ஜெயிக்கிறது? நீதான் பாதியில இழுத்துக்கினு வந்துட்டியே! இதையே எத்தினி வாட்டி கேப்ப?”

திட்டட்டும், அண்ணா. இவன் திட்டத் திட்ட நான் கேட்டுக்கொண்டே இருப்பேன்.