காலனி ஸ்டாப்பிங்

3 ஜூன் 1974, திங்கள்
புதுப்பட்டினத்திலிருந்து செங்கல்பட்டுக்கு எங்கள் பஸ் ஓட ஆரம்பித்து இன்றோடு ஒரு மாசம். ஓட்டுவது தாவீது. டிக்கெட் கிழிப்பது தம்பி அமானுல்லா. பஸ் கழுவுவது, எல்லாரிடமும் திட்டு வாங்குவது நான். கையில் இருப்பது நாலு மாசத் தற்காலிக பர்மிட். அது பக்காவாகணும். ஆகலைன்னா வண்டியக் கோழிக் கூண்டாத்தான் வச்சிக்கணும். உட்கார்ந்தால் உட்கார முடியவில்லை, நின்றால் நிற்க முடியவில்லை.

9 ஜூன்
கூத்தம்பட்டு பிரசிடெண்டு அருணகிரி பஸ்ஸை வழிமறித்தார். ரோடு போகிற போக்கில் எங்கள் பஸ் முதலில் காலனியில் நிற்கும், அப்புறம்தான் ஊருக்குள் போகும். காலனி ஆட்கள் ஏறி உட்கார்ந்துவிடுகிறார்கள். ஊர்க்காரர்கள் நிற்க வேண்டியிருக்கிறது.

"அவங்க குந்திகினு வர்றாங்க, நாங்க கம்பியப் புடிச்சிகினு தொங்கறோம். இன்னா பாய் இது?"

காலனி ஸ்டாப்பிங்கை எடுத்தால் பர்மிட்டுக்கு ஊர் சார்பில் மனு கொடுப்பாராம். இல்லையென்றால் மனு வேறு கம்பெனிக்குப் போகும். யோசிச்சிச் சொல்றேன் என்றேன். முடியாதுன்னு சொல்ல வேண்டியதுதானே? வாய் வரல.

12 ஜூன்
வீட்டுக்காரி சுராயாவிடம் சொன்னேன். "தாவீது வூடே அந்தக் காலனியிலதானே கீது? அவரு ஜனத்த அவரே வுட்டுட்டு ஓட்டிகினு போவணுமா?" என்றாள். பர்மிட் வர வரைக்கும்தான்டி, ரெண்டு மாசம், அப்புறம் பழையபடி நிறுத்திக்கலாம் என்றேன். எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். எனக்கு அப்படி ஒரு கோபம். நான் யாருக்காக இப்படி அலையறேன்?

14 ஜூன், வெள்ளி
ஜும்மா முடிந்து வந்து தாவீதிடம் சொல்லிவிட்டேன். தொழுதுட்டு வந்த வாயால! ரெண்டு மாசம்தான்பா, காலனி ஆளுங்க ஊருக்குள்ள நடந்து வந்து ஏறட்டும்னு.

அவன் கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். சாவியை பானெட்டு மேல் வைத்தான். "லாரி ஓட்டிகினு இருந்தவன, பஸ் வாங்கிட்டேன் வாடான்னு இட்டாந்தது நீங்கதான் பாய். நல்லா இருங்க." போய்விட்டான்.

15 ஜூன்
நானே ஓட்டினேன். காலனி வந்ததும் கால் தானாக பிரேக்குக்குப் போனது. எடுத்துக்கொண்டேன். கை காட்டினார்கள். ஒரு கிழவர் கொஞ்ச தூரம் ஓடியே வந்தார். நான் கண்ண ரோட்டுலயே வச்சிகினேன். சே, இன்னா மனுஷன் நான்!

ராத்திரி டிக்கெட் பையை அமானுல்லா என் கையில் கொடுக்காமல் சீட்டில் வைத்துவிட்டுப் போனான்.

22 ஜூலை
ஊர் மனு கொடுத்தாச்சு. அறுபத்து நாலு கையெழுத்து. முதல் கையெழுத்து அருணகிரி.

19 ஆகஸ்ட்
பர்மிட் வந்துட்டுது! அல்ஹம்துலில்லாஹ். அருணகிரி பஸ்ஸுக்கு மாலை போட்டு, சந்தனம் பூசி, ஒரே அமர்க்களம். பூசட்டும். நாளைக்கு காலனியில நிறுத்தப்போறேன். எவன் கேக்கறான்னு பாக்கலாம்.

20 ஆகஸ்ட்
நிறுத்தினேன்.

பத்துப் பன்னிரண்டு பேர் சோற்றுத் தூக்கோடு ரோட்டோரமாக நடந்து போய்க்கொண்டிருந்தார்கள். "செங்கல்பட்டு, ஏறு ஏறு" என்று அமானுல்லா தொண்டை கிழியக் கூப்பிட்டான். ஒருத்தரும் ஏறல. தாவீதின் சம்சாரம் சாராள், இடுப்பில் குழந்தை. ஏறும்மா, சீட்டெல்லாம் காலி என்றேன்.

"நீங்க போங்க பாய். எங்களுக்கு நடந்து பழகிப்போச்சி."

திட்டியிருக்கலாம். காறித் துப்பியிருக்கலாம். பாய்னு மரியாதையா சொன்னா.

27 ஆகஸ்ட்
நிறுத்தினேன். ஏறல.

28 ஆகஸ்ட்
ஏறல.

16 செப்டம்பர்
ஊர்க்காரர்கள் முணுமுணுத்துப் பார்த்தார்கள், நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. டைம் போர்டிலேயே எழுதியாச்சு: காலனி, ஏழு பத்து, இரண்டு நிமிஷம். இஞ்சினை அணைத்துவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். தம்பி கதவைத் திறந்து வைக்கிறான். அவர்கள் பஸ்ஸைத் தாண்டி நடந்து போகிறார்கள். இரண்டு நிமிஷம் ஆனதும் அவன் விசில் அடிக்கிறான்.