பேய்ப் பட்டியலில் நான் அழித்தவை

மார்ச் 4, செவ்வாய்

கிடங்கில் உதிரிபாகப் பட்டியலை இன்று சுத்தம் செய்து முடித்தேன். ஒரே போல்ட்டுக்கு ஐந்து பெயர், ஐந்து எண். ஒன்றாக்கினேன். மேலாளர் தோளில் தட்டினார். தட்டட்டும்.

அக்காவின் பட்டியலும் இதே லட்சணம்தான். ஆறு வருடமாக நாடு நாடாகப் பேய், பிசாசு, அரக்கர் என்று தேடிச் சேர்த்து என் கணினியில் ஏற்றியிருக்கிறாள். முந்நூற்று நாற்பது. பதினெட்டாம் தேதி பதிப்பாளரிடம் கொடுக்க வேண்டும். தூங்குபவன் நெஞ்சில் ஏறி உட்காரும் பேய் மட்டும் பதினொன்று! செய்கிற வேலை ஒன்றுதானே, எதற்குப் பதினொரு பதிவு?

மார்ச் 6

ஒரே வேலை செய்பவற்றையெல்லாம் சேர்த்துவிட்டேன். மிச்சம் அறுபத்தொன்று. பழைய கோப்பை அழித்தாயிற்று. அக்காவுக்கு நாளைக்கு இன்ப அதிர்ச்சி.

மார்ச் 7

அதிர்ச்சி மட்டும்தான்.

கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். "உக்காந்தது ஒண்ணுன்னே வெச்சுக்கடா. மூச்சு முட்டினவங்க பதினோரு ஊர்க்காரங்க." அவ்வளவுதான். சாப்பிடாமல் போய்ப் படுத்துவிட்டாள்.

பிரதி எடுத்து வைக்காமல் அழிக்கிறவனுக்கு எவன் பட்டம் கொடுத்தான்? சே.

மார்ச் 8

அவள் கையால் எழுதிய அட்டைகள் ஆறு ஷூப் பெட்டிகளில் இருக்கின்றன. லீவு போட்டேன். முதலிலிருந்து தட்டச்சு.

கையெழுத்தா அது! கோழி கிளறிய மாதிரி. சொல்லியும்விட்டேன்.

"கோழிக்காவது என்ன தேடுறோம்னு தெரியும். நீ வேலையப் பாரு, எஞ்சினியரு."

அப்பாடா, பேசிவிட்டாள்.

மார்ச் 11

நெஞ்சில் ஏறுபவை பதினொன்றும் முடிந்தன. ஒன்று சாவித் துவாரம் வழியாக வரும். ஒன்று வயிறு முட்டத் தின்றவன்மேல்தான் ஏறும். ஒன்றின் மூக்கைப் பிடித்தால் புதையல் இருக்குமிடத்தைச் சொல்லிவிடுமாம். இன்னொன்று, பக்கத்தில் துடைப்பம் கிடந்தால் குச்சிகளை எண்ண உட்கார்ந்து வந்த வேலையையே கோட்டை விட்டுவிடும்.

"இது அப்படியே நீதான்டா," என்றாள்.

இதுகளையா நான் போல்ட் என்று நினைத்தேன்?

மார்ச் 14

தண்ணீர்ப் பேய்கள். கடைசிப் பெட்டியில் ஓர் அட்டை. நாடு — இல்லை. பெயர் — இல்லை. "மொட்டை மாடித் தொட்டிக்குள் இருக்கும் ஆள். மோட்டார் நின்றதும் கூப்பிடுவான். ஆறு வயதுப் பையனுக்கு மட்டும் கேட்கும். விரட்டும் வழி: அக்கா போய்த் தொட்டியில் இரண்டு தட்டு தட்ட வேண்டும்."

தினமும் எனக்காகத் தட்டினாளே. பள்ளிக்கூட அவசரத்திலும். ஒருநாள்கூடச் சிரித்ததில்லை.

இதையும் சேர்த்துத்தான் அழித்திருக்கிறேன்.

நான்கு வரி அடிக்க அரைமணி நேரம் ஆயிற்று. மின்விசிறிக் காற்று, கண் எரிச்சல் — ஆமாம், அப்படித்தான்.

மார்ச் 18

பதிப்பாளர் அலுவலகம். முந்நூற்று நாற்பதும் சொன்ன நேரத்துக்கு. மனிதர் நிதானமாகப் புரட்டினார். ஓரிடத்தில் விரல் நின்றது.

"இதுக்கு நாடும் இல்ல, பேரும் இல்ல. யாரும்மா சொன்னது? ஆதாரம் இல்லாம எப்படிப் போடுறது? எடுத்துடலாமா?"

அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

"எடுக்காதீங்க சார்," என்றேன். "சொன்னது நான்தான்."