தெருவில் சொன்ன பெயர்

பம்பாயில் இருக்கும் என் ஆத்துக்காரருக்கு,

இங்கே எல்லாரும் சௌக்கியம். ஒரு சமாசாரத்தை மட்டும் ஊரார் எழுதுவதற்கு முன் நானே எழுதிவிடுகிறேன்.

வோட்டர் லிஸ்ட் எழுத நம் தெருவுக்கு ஒரு மலையாளி குமாஸ்தா வந்தார். "பர்த்தாவோட பேரு?" என்றார். ஆத்துக்காரர் பெயரை வாயால் சொல்லும் தலைமுறையா நாங்கள்? நானும் அடுத்தாத்து பாகீரதியும் வழக்கம்போல மாற்றிக்கொண்டோம். உங்கள் பெயரை அவள் சொன்னாள். அவள் ஆத்துக்காரர் பெயரை நான் சொன்னேன்.

அந்த மனுஷர் எழுதியதை உரக்க வாசித்தார். பாகீரதிக்கு நீங்கள்! எனக்கு அந்த மூக்குப்பொடி மாமா!

பாகீரதியானால் விழுந்து விழுந்து சிரிக்கிறாள். எனக்கு வந்ததே ஒரு கோபம்! உங்கள் பெயரைக் கோட்டைவாசல் வரை கேட்கும்படி கத்தி, "அவர் என் ஆத்துக்காரர்!" என்றேன்.

"இதை முதல்லயே பறஞ்சா போதாதா, அம்மே?" என்று குமாஸ்தா அடித்துத் திருத்தினார்.

அப்புறம் அடுக்களையில் தனியாக நாலைந்து தடவை சொல்லிப் பார்த்தேன். நல்ல பெயர்தான். எழுதத்தான் இன்னும் கை கூசுகிறது.

லீவில் வந்து இறங்கும்போது, தம்பானூர் ஸ்டேஷனில் யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திடுக்கிடாமல் திரும்பிப் பாருங்கள்.

இப்படிக்கு,
லிஸ்டில் உங்கள் பெயருக்குப் பக்கத்தில், அடித்துத் திருத்தப்பட்டவள்