கம்பளத்தின் அந்தப் பக்கம்

அன்பு மகளுக்கு, அப்பா ஆசையோடு எழுதுவது.

நாங்கள் இருவரும் சுகம். மழை வருவதை என் முழங்கால் மட்டும் முன்கூட்டியே அறிவித்துவிடுகிறது, மற்றபடி குறையில்லை. நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, உயரத்தில் ஏறும்போது இடுப்புப் பட்டையை ஒழுங்காக மாட்டிக்கொண்டு நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனை எடுத்தால் உன் அம்மா பக்கத்தில் வந்து நிற்கிறாள். அவளை வைத்துக்கொண்டே அவளைப் பற்றி எப்படிப் பெருமை பேசுவது?

முதலில் உன் விஷயம். நீ அனுப்பிய படம் வந்தது. மஞ்சள் தொப்பியும் கையில் சுத்தியலுமாக ஒரு பெரிய பாலத்துக்கு அடியில் நிற்கிறாயே, அதை மியூசியத்தில் என் டிக்கெட் கவுண்டர் கண்ணாடியில் ஒட்டியிருக்கிறேன். யார் இது என்று கேட்கிறவர்களுக்குச் சொல்கிறேன். கேட்காதவர்களுக்கும் சொல்கிறேன். என் மகள் தட்டிப் பார்த்துச் சரி என்று சொன்னால்தான் அந்தப் பக்கத்தில் ரயிலே பாலத்தில் ஏறும் என்று நேற்று ஒருவரிடம் கொஞ்சம் தாராளமாகவே அளந்துவிட்டேன். மனிதர் மிரண்டுபோய்க் குடையை என்னிடமே விட்டுவிட்டுப் போய்விட்டார்.

இப்போது மியூசியம் சேதி. இந்த வருஷம் புதுக் கண்காட்சி கிடையாது. இதுவரை இங்கே நடந்த கண்காட்சிகளையே ஒரு கண்காட்சியாக வைக்கிறார்கள். புதிதாக வந்திருக்கும் பொறுப்பாளரின் யோசனை இது. சின்ன வயதுப் பெண், நடையே ஓட்டம்தான். மலையில் இருக்கிற கைவேலைக்காரர்கள் வீட்டுக்கெல்லாம் ஜீப்பில் போய், அன்று வைத்ததைத் திரும்பக் கொடுங்கள் என்று கெஞ்சிக் கூத்தாடி வாங்கி வந்திருக்கிறாள். ஒவ்வொரு கண்காட்சிக்கும் ஒரு மூலை. அன்று எப்படி இருந்ததோ அப்படியே இருக்க வேண்டுமாம்.

எல்லாம் வந்து சேர்ந்துவிட்டது. கூடைக் கண்காட்சியில் பச்சைக் கொம்பில் பின்னிய கூடை ஒன்று மழைக்கால ஈரத்தில் கண்காட்சி நடக்கும்போதே துளிர் விட்டதே, அந்தக் கூடையும் வந்திருக்கிறது. இப்போது சமர்த்தாகக் காய்ந்து கிடக்கிறது. மரவேலைக் கண்காட்சிக்கு உன் சித்தப்பா செதுக்கிய கதவும் வந்துவிட்டது. அன்று அதைச் சுவரில் சாய்த்து வைத்திருந்தோம். கழிப்பறை என்று நினைத்து இழுத்துப் பார்த்தவர்கள் எத்தனை பேர்! கடைசியில் ‘இது கதவு மட்டும்’ என்று எழுதி மாட்டினோம். அந்த அட்டையையும் தேடி எடுத்து மாட்டியிருக்கிறாள் இந்தப் பெண். சித்தப்பாவுக்கு இப்போது அந்த அட்டை மேல்தான் கோபம்.

சரி, சுற்றி வளைத்தது போதும். முதல் கண்காட்சிக்கு வருகிறேன். அம்மாவின் கம்பளம்.

உனக்கு எவ்வளவு ஞாபகம் இருக்கிறதோ தெரியாது. அம்மாவின் தறி நிமிர்ந்து நிற்கிற தறி. நெய்கிறவள் பின்பக்கம் உட்கார வேண்டும். நூல் நுனி, முடிச்சு எல்லாம் அவள் பக்கம் வரும், படம் அந்தப் பக்கம் விழும். நெய்கிறவளுக்கு அது கண்ணிலேயே படாது. அதனால் நீதான் அந்தப் பக்கம் பாயைப் போட்டு உட்கார்ந்திருப்பாய். ‘பாலம் கோணிப் போச்சு’, ‘ஆறு நல்லா இருக்கு’ என்று அங்கிருந்து அதிகாரம் பண்ணுவாய். நீ சரி என்றால்தான் அவள் அடுத்த வரிக்குப் போவாள். முடிந்த பிறகு நீ கடைசியாக ஒரு தரம் நின்று பார்த்துச் சரி சொல்லாமல் தறியிலிருந்து எதையும் அறுத்து எடுக்க மாட்டாள். அது உங்கள் இருவருக்குள் இருந்த சட்டம். எனக்கு அதில் ஓட்டு கிடையாது.

அந்தக் கம்பளத்தில் மலை, ஆறு, அதன் மேல் இடது ஓரமாக ஒரு பாலம். பாலத்தின் மேல் சிவப்பு ஸ்வெட்டர் போட்ட ஒரு பெண் குழந்தை, இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு. கையைத் தூக்கச் சொன்னது நீதான். ஆனால் கம்பளம் முடிகிற சமயத்தில் உனக்குப் பொன்னுக்கு வீங்கி வந்து, கன்னம் இரண்டும் உப்பிப்போய், சித்தி வீட்டில் கொண்டுபோய் விட்டோம். கண்காட்சி நாள் வந்துவிட்டது. அம்மா வேறு வழியில்லாமல், உன் சரி வாங்காமலே அதை அறுத்து எடுத்தாள்.

தானே போய்ச் சுவரில் மாட்டினாள். மாதக்கணக்கில் தான் பார்த்துப் பழகிய பக்கம் தெரிகிற மாதிரி மாட்டினாள்! முன்பக்கம் சுவரோடு ஒட்டிக்கொண்டது, பின்பக்கம் ஊரைப் பார்த்தது. யாரையும் குற்றம் சொல்ல முடியாது, நெய்தவளே மாட்டினால் யார் கேட்கப் போகிறார்கள்? நானும் அங்கேதான் இருந்தேன். பஸ்ஸுக்கு என்றால் எனக்கு முன் பின் தெரியும், கம்பளத்துக்குத் தெரியவில்லை.

பிறகு நடந்ததுதான் வேடிக்கை. பத்திரிகைக்காரர் ஒருவர் வந்து, வெட்டாமல் விட்டதில் குழந்தையையே மூடித் தொங்கிய நூல் நுனிகளைப் பார்த்து, மலைமேல் மழை பொழிகிறது என்று எழுதிவிட்டார். அவ்வளவுதான், ‘மலை மழை’ என்று அதற்குப் பெயரே வைத்துவிட்டார்கள். போஸ்டர் அடித்தார்கள். கடைசி நாள் கன்னம் வற்றி வந்த நீ வாசலிலிருந்தே, ‘பாலம் ஏன் அந்தப் பக்கம் போச்சு? நான் எங்க?’ என்று கத்தினாய். அப்போதுதான் அம்மாவுக்கு உறைத்தது. உன் வாயைப் பொத்தி வெளியே தூக்கிக்கொண்டு ஓடினாள். உனக்கு ஒரு ஊதல் வாங்கிக் கொடுத்தாள். எனக்கு ஊதல்கூட இல்லை, வாய்ப்பூட்டு மட்டும்தான். மியூசியம் அதை வாங்கி, சுவரோடு ஒட்டிய பக்கம் முழுக்க லைனிங் துணி வைத்துத் தைத்து மாட்டிவிட்டது. இத்தனை வருஷமும் அம்மா அந்தச் சுவர்ப் பக்கமே தலை திருப்பாமல்தான் நடந்தாள்.

போன வாரம் அந்தத் துணியை மாற்ற வேண்டும் என்று பொறுப்பாளர் அதைக் கழற்றினாள். நெய்தவர் கூட இருந்தால் நல்லது என்று அம்மாவையும் கூப்பிட்டாள். நானும் கவுண்டரைப் பூட்டிவிட்டு ஓடினேன். பெரிய மேசையில் குப்புறப் போட்டு, தையலை ஒவ்வொன்றாக வெட்டி, துணியை மெல்ல எடுத்தார்கள். கண்ணே, வெளிச்சமே படாமல் இருந்த பக்கம் இல்லையா, ஒரு நிறம் மங்கவில்லை. ஊர் பார்த்த பக்கம் வெளுத்து டீத்தண்ணி நிறமாகிவிட்டது. இந்தப் பக்கம் ஆறு இப்போதுதான் ஓட ஆரம்பித்தது போல நீலமாக இருக்கிறது. பாலத்தின் மேல் நீ சிவப்பு ஸ்வெட்டரோடு கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறாய்.

சுத்தம் செய்கிற அக்கா எட்டிப் பார்த்து, ‘இத்தனை நாளா இந்தப் புள்ளைய எங்க வெச்சிருந்தீங்க?’ என்றார். அம்மா கண்ணாடியைக் கழற்றிப் புடவையில் துடைத்தாள், திரும்ப மாட்டினாள், மறுபடி கழற்றினாள். பிறகு எல்லாருக்கும் நடுவில், மாட்டியது நான்தான், பக்கம் மாற்றி மாட்டிவிட்டேன் என்று சொல்லிவிட்டாள். நாற்பது வருஷத்தில் நாலு பேர் முன்னால் நான் அவளைத் தொட்டதே இல்லை, ஆனால் அன்று அத்தனை பேர் முன்னாலும் தோளைப் பிடித்துக்கொண்டேன். கையைத் தட்டிவிட்டாள், அது வேறு விஷயம்.

பொறுப்பாளர் துள்ளிக் குதிக்கிறாள். கூடத்தின் நடுவில், இரண்டு பக்கமும் தெரிகிற மாதிரி தொங்கவிடலாம் என்கிறாள். பெயர்ப் பலகையில் தன் பெயரோடு உன் பெயரையும் எழுத வேண்டும் என்று அம்மா சொல்லிவிட்டாள். உங்கள் மகள் என்ன செய்தார் என்று அந்தப் பெண் கேட்டதற்கு, ‘நான் நெய்தேன், அவ பார்த்தா. ரெண்டும் சேர்ந்தாத்தான் கம்பளம்’ என்றாள்.

ஆனால் தொங்கவிடச் சம்மதம் மட்டும் கொடுக்கவில்லை. பொறுப்பாளர் தினமும் கேட்கிறாள், இவள் தினமும் பார்க்கலாம் என்கிறாள். திறப்பு விழா அடுத்த மாதம் முதல் ஞாயிறு. எல்லா மூலையும் தயார், கூடத்தின் நடு மட்டும் காலி. வீட்டில் மெதுவாகக் கேட்டேன். அது இன்னும் முடியவில்லை என்றாள். முடிந்து எத்தனையோ வருஷம் ஆகிறதே என்றேன். எழுந்து தறிக்குப் போய்விட்டாள்.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். நீ பாலம் கட்டுகிற படிப்புக்குப் போகிறேன் என்றபோது அம்மா ஒன்றும் பேசாமல் உன் பெட்டியைக் கட்டினாள். அந்த மௌனத்தைக் கோபம் என்று நீ எடுத்துக்கொண்டாய், தறியை விட்டுவிட்டுப் போகிறோமே என்ற உறுத்தலில்தான் ஊருக்கு வருவதையும் குறைத்துக்கொண்டாய். எனக்குத் தெரியும். அவளுக்குக் கோபமே இல்லை, கண்ணு. அழுதால் நீ போகமாட்டாய் என்று பயந்தாள். நீ போன பிறகு தறிக்கு அந்தப் பக்கம் ஒரு பெரிய கண்ணாடியை நிறுத்தி வைத்து நெய்கிறாள். கண்ணாடி எல்லாவற்றையும் காட்டுகிறதாம், வாயை மட்டும் திறப்பதில்லையாம்.

இதை உனக்கு எழுதக் கூடாது என்பது அவள் உத்தரவு. ‘அவளுக்கு ஆயிரம் வேலை இருக்கும், தொந்தரவு பண்ணாதீங்க’ என்றாள். நான் என்றைக்கு அவள் உத்தரவை முழுசாகக் கேட்டிருக்கிறேன்?

எத்தனையோ பாலத்துக்குச் சரி சொல்கிறாய். முதல் பாலத்துக்குச் சொல்லாமல் போய்விட்டாய். லீவு கேட்டு வா, கண்ணு. கம்பளத்தின் அந்தப் பக்கம் போய் நின்று பார். குறை இருந்தால் தாராளமாகக் குறை சொல், அவள் தாங்குவாள். இல்லையென்றால் அந்த ஒரு வார்த்தையைச் சொல். அவள் இன்னும் தறிக்குப் பின்னால்தான் காத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

நீ ஏறுகிற பாலமெல்லாம் உன்னைத் தாங்கட்டும்.

இப்படிக்கு,
உனக்கு மட்டும் டிக்கெட் கேட்காத,
உன் அப்பா