அம்மா வாங்கிய வெள்ளி உருவம்

இயேசு மரி சூசை துணை

முத்தியால்பேட்டை, புதுச்சேரி
ஞாயிற்றுக்கிழமை, பூசைக்குப் போய் வந்த பிறகு

அன்பு மகள் மெரினுக்கு,

அப்பா எழுதுவது. நாங்கள் நலம், உன் நலமறிய ஆவல் என்று தொடங்கத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் நீ எப்படி இருக்கிறாய் என்று எனக்குத் தெரியும், நாங்கள் எப்படி இருப்போம் என்று உனக்கும் தெரியும், அதனால் அந்த வரியை விட்டுவிட்டேன். உடம்புக்கு ஒன்றுமில்லை. அம்மா பிரஷர் மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாள், எனக்கு முட்டிவலி வழக்கம்போல. போன் இருக்கிற காலத்தில் இது என்ன கடிதம் என்று நினைப்பாய். போனில் நாம் பேசுகிற லட்சணம்தான் தெரியுமே. நீ நல்லா இருக்கேன்பா என்பாய், நான் சாப்ட்டியா என்பேன், அம்மாவிடம் கொடுத்தால் அவள் அங்கே குளிரா என்று கேட்பாள், அதற்கப்புறம் மூன்று பேரும் சும்மா இருப்போம். எதிர்வீட்டு செல்வாம்பாள் மகன் வினோத்குமார் லீவு முடிந்து புதன்கிழமை நீ இருக்கிற லியோனுக்குத் திரும்புகிறான். அவன் பெட்டியில் உனக்கு வடகமும் மிளகாய்த்தூளும் வருகிறது, அதோடு இதையும் வைக்கிறேன். உன் கையிலேயே கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். அவனுக்கு விஷயம் எதுவும் தெரியாது, கவலைப்படாதே.

போன வாரம் மாப்பிள்ளை ஆரோன் எனக்குத் தனியாகப் போன் செய்தார். உனக்குத் தெரியாமல் செய்தார் என்று அவர் மேல் பாயாதே. மாமா, அவ ஆப்பரேஷன் வேணாங்கறா, பேப்பர்ல கையெழுத்துப் போட மாட்டேங்கறா, நீங்கதான் சொல்லணும் என்றார். கர்ப்பப்பையில் இருக்கிற கட்டிகளை மட்டும் எடுத்துவிட்டுப் பையை விட்டுவைக்கத்தான் பார்ப்பார்களாம், ரத்தம் நிற்கவே இல்லையென்றால் மட்டும் உன் உயிருக்காகப் பையையே எடுக்க வேண்டி வரலாமாம், அப்படி ஆவது அபூர்வம், இருந்தாலும் முன்கூட்டியே உன் சம்மதம் வேண்டும் என்று டாக்டரம்மா சொன்னாராம். நீ அதற்கு, மயக்கம் தெளிஞ்சு எழுந்திருக்கும்போது அது இல்லேன்னா எங்கம்மா முகத்துல எப்படி முழிப்பேன் என்று கேட்டாயாம். அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை மெரின். மாசாமாசம் ரத்தம் கொட்டிக் கொட்டி டிராமில் மயங்கி விழுந்தாய். உன்னைத் தாங்கிப் பிடித்தது முகம் தெரியாத ஒரு வெள்ளைக்காரப் பொம்பளை. பெற்றவர்கள் நாங்கள் இரண்டு பேரும் அந்த நேரத்தில் இங்கே சங்கரா மீனுக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்திருப்போம். இன்னொரு தடவை நீ அப்படி விழுந்து, பக்கத்தில் யாரும் இல்லையென்றால் என்ன செய்வது என்றுதான் ராத்திரியெல்லாம் நினைத்துக்கொண்டு கிடக்கிறேன்.

அவர் போன் செய்வதற்கு முந்தியே நீ அம்மாவிடமே கேட்டாய் அல்லவா, கையெழுத்துப் போடட்டுமாம்மா என்று. அவள் பதில் சொல்லாமல் போனை என் கையில் திணித்துவிட்டுப் போய்விட்டாள். அதை நீ என்னவென்று எடுத்துக்கொண்டாய் என்பது மாப்பிள்ளை சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. அம்மாவுக்கு இஷ்டமில்லை, பேரப்பிள்ளை இல்லாமல் போய்விடுமே என்றுதான் வாயைத் திறக்கவில்லை என்று நினைத்துவிட்டாய். அப்படி இல்லைம்மா, நான் பார்த்தேன். பின்பக்கம் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, கழுவிக் கவிழ்த்து வைத்திருந்த பாத்திரத்தையெல்லாம் மறுபடி எடுத்துக் கழுவிக்கொண்டிருந்தாள். தண்ணீர் சத்தத்தில் அழுதால் எனக்குக் கேட்காதாம். இத்தனை வருஷம் என்னோடு குடித்தனம் நடத்தியும் என் காதைப் பற்றி அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

போன வருஷம் நீங்கள் வந்திருந்தபோது வேளாங்கண்ணிக்குப் போனோமே, அது எனக்கு மறக்கவில்லை, உனக்கும் மறந்திருக்காது. அம்மா உன் கையில் அந்தச் சின்ன மரத்தொட்டிலையும் மஞ்சள் கயிற்றையும் கொடுத்து, பெத்துக்கப்போறவ கையாலதான் கட்டணும் என்றாள். நான் எல்லார் செருப்புக்கும் காவலாக ஓரமாய் நின்றேன். நீ முடிச்சுப் போட்டுக்கொண்டிருக்கும்போது ஒருத்தி இடுப்பில் பிள்ளையோடு பக்கத்தில் வந்து, போன தடவை கட்டினேன், மாதா குடுத்துட்டாங்க, அவுக்க வந்தேன் என்று சிரித்தாள். அந்தப் பிள்ளை உன் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. நீ அதன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டு அழ ஆரம்பித்தாய். இங்க அழக்கூடாது, மாதாவுக்கு ஆகாது என்று அம்மா அதட்டினாள். மகனுக்காக அழாத அழுகையெல்லாம் அழுத மாதாவுக்கு இதிலே என்ன ஆகாது என்று எனக்கு நினைப்பு. திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டேதான் கடலூர் வரைக்கும் நீ வந்தாய்.

இப்போது நடந்ததைச் சொல்கிறேன். மாப்பிள்ளை போன் செய்ததை அன்றைக்கே அம்மாவிடம் சொல்லிவிட்டேன், மறைத்து வைக்க எனக்கு வராது. மறுநாள் விடிந்ததும் பையைத் தூக்கிக்கொண்டு, வேளாங்கண்ணி போறேன், வர்றதுன்னா வாங்க என்றாள். எதற்கு என்று கேட்டேன். தொட்டிலை அவுக்கணும் என்றாள். பிள்ளை பிறந்தால்தானே அவிழ்ப்பார்கள், இப்போது போய் அவிழ்க்கிறேன் என்கிறாயே, யாராவது பார்த்தால் பைத்தியம் என்பார்கள் என்றேன். நான் கட்ட வச்ச தொட்டில்தான் அவ தலைமேல தொங்குது, அதான் அவ கையெழுத்துப் போட மாட்டேங்கறா என்றாள். சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

அங்கே போனால் எங்கே பார்த்தாலும் தொட்டில். எல்லாம் ஒரே மாதிரிக் கடையில் வாங்கின ஒரே மாதிரித் தொட்டில். நீ உன் பேரையும் ஆரோன் பேரையும் பேனாவால் அதில் எழுதியிருந்தாயாமே, அதைத் தேடி அம்மா வெயிலில் ஒவ்வொன்றாகத் தூக்கித் தூக்கிப் பார்த்தாள். மழையிலும் உப்புக்காற்றிலும் எந்தத் தொட்டிலிலும் எழுத்து நிற்கவில்லை. பழசையெல்லாம் கழற்றிவிடுவார்கள், இருக்குமோ என்னமோ என்று அங்கே மெழுகுவர்த்தி விற்கிறவர் சொன்னார். ஏதோ ஒன்றை அவிழ்த்துவிட்டு வா என்று நான் சொன்னதற்கு, ஐயோ அது வேற யாரோ பெத்த பொண்ணுக்குக் கட்டினதாச்சே என்று கையை இழுத்துக்கொண்டாள். அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டாள். அன்றைக்கு உன்னை அழக்கூடாது என்று அதட்டினவள், அதே இடத்தில், போகிறவர் வருகிறவர் பார்க்கப் பார்க்க வாய்விட்டு அழுதாள். தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தேன், மூடி எங்கேயோ உருண்டு போய்விட்டது, அதைத் தேடுகிற சாக்கில் நானும் என் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

பிறகு எழுந்து முகத்தைக் கழுவிக்கொண்டு உருவம் விற்கிற கடைக்குப் போனாள். கண் நோவுக்குக் கண், கால் நோவுக்குக் கால் என்று வெள்ளித் தகட்டில் செய்து வைத்திருப்பார்களே, அந்தக் கடை. கடைக்காரம்மா இவளைப் பார்த்ததும் ஒன்றும் கேட்காமலேயே குழந்தை உருவத்தை எடுத்து நீட்டினாள். இந்த வயசு அம்மாக்கள் வந்தால் அதைத்தான் கேட்பார்கள் போலிருக்கிறது, நாமும் போகும்போதெல்லாம் அதைத்தான் வாங்கினோம். அம்மா அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, இது வேணாம், பொம்பளை உருவம் குடுங்க என்றாள். யாருக்கும்மா, உங்களுக்கா என்று அந்தம்மா கேட்டாள். என் பொண்ணுக்கு, அவளுக்கு ஆப்பரேஷன், அவ முழுசா எழுந்து வரணும் என்றாள். முழுசா என்று சொன்னதும் நிறுத்திக்கொண்டாள். அப்புறம், எப்படியாவது எழுந்து வரணும், அது போதும் என்று திருத்திச் சொன்னாள். கோயிலுக்குள் போய்ப் பெட்டியில் போடுவதற்கு முன்னால் கட்டை விரலால் அந்தத் தகட்டின் நெற்றியில் சிலுவை போட்டாள், நீ பள்ளிக்கூடம் போகும்போது உனக்குப் போடுவாளே அந்த மாதிரி.

பஸ்ஸில் வரும்போது, இதை நீயே அவளிடம் சொல்லேன் என்றேன். சொன்னா அழுதுடுவேன், நான் அழுதா அவ பயந்துடுவா, நீங்க எழுதுங்க என்றாள். அதனால்தான் இந்தக் கடிதம்.

பயப்படாதே என்று நான் எழுதப்போவதில்லை, வருகிற பயம் வரத்தான் செய்யும். எனக்குக் குடலிறக்க ஆப்பரேஷன் நடந்தபோது, நம்மூர் மேட்டுப்பாளையம் கம்பெனியில் எவ்வளவு பெரிய மெஷினையும் பிரித்து மாட்டுகிற ஃபிட்டராக்கும் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் உள்ளே போனேன். மயக்க மருந்து கொடுக்கிற டாக்டர் உங்க பேர் என்ன என்று கேட்டார். மெரின் என்றேன். அவர் பேப்பரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மீசை வச்ச மெரினா என்றார். நர்ஸெல்லாம் சிரித்துவிட்டார்கள். சூசை என்கிற என் சொந்தப் பேரே பயத்தில் மறந்துபோய் உன் பேர்தான் வாயில் வந்தது. உன்னிடம் கேட்டால் நீயாவது ஒழுங்காகச் சொல். பயமாக இருக்கிறது என்பதையும் அங்கே இருக்கிற நர்ஸிடம் வாய்விட்டுச் சொல், அடக்கிக்கொண்டு படுக்காதே. என்ன செய்யப்போகிறார்கள், எழுந்ததும் எங்கே வலிக்கும், ஆரோன் எப்போது பக்கத்தில் வரலாம் என்று எல்லாவற்றையும் டாக்டரம்மாவிடம் கேள், ஒரு தடவை புரியவில்லை என்றால் இன்னொரு தடவை கேள், கேட்பதில் வெட்கம் ஒன்றுமில்லை. போனில் கண்டவர்கள் எழுதுகிற ஆப்பரேஷன் கதையெல்லாம் படிக்காதே. படபடப்பு வந்தால் மூச்சை இழுத்து மெதுவாக விடு, சூடான ரசத்தை அம்மா ஊதி ஊதி உனக்குக் கொடுப்பாளே, அவ்வளவு மெதுவாக. இரும்புச்சத்து மாத்திரை வயிற்றைப் புரட்டுகிறது என்று நிறுத்திவிடாதே, வேண்டுமானால் டாக்டரிடம் வேறு மாத்திரை கேள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வீட்டுக்குப் பெயிண்ட் அடித்தபோது, கூடத்துக் கூரையில் இருக்கிற கொக்கியை அறுத்துடட்டுமா சார், பார்க்க அசிங்கமா இருக்கு என்று பெயிண்டர் கேட்டான். விட்டுவிடு என்றேன். எனக்கும் ஆசை இருந்ததும்மா, இல்லையென்று பொய் சொல்ல மாட்டேன். அந்தக் கொக்கியில் அம்மாவின் பழைய நூல்புடவையைக் கட்டி உன் பிள்ளையை நான் ஆட்ட வேண்டும் என்று இருந்தேன். அது நடக்காமல் போனால் எனக்கு வலிக்கும், அம்மாவுக்கு இன்னும் அதிகமாக வலிக்கும். எங்களுக்கு அதெல்லாம் ஒன்றுமில்லை என்று எழுதினால் நீ நம்பவா போகிறாய். ஆனால் அந்த வலியோடு இருந்துகொள்ள எங்களுக்குத் தெரியும். சமைப்போம், சாப்பிடுவோம், சண்டை போடுவோம், உன்னைப் பற்றிப் பேசுவோம். நீ இல்லாமல் இருக்கத்தான் தெரியாது. இன்றைக்குப் பூசை முடிந்து வெளியே வரும்போது பக்கத்துத் தெரு நிர்மலா வழக்கம்போல, லியோன்ல ஏதாவது நல்ல சேதி உண்டா என்று அம்மாவை ஓரம் கட்டினாள். எப்போதும் அந்தக் கேள்விக்கு அம்மா முகம் சுருங்கி வீடு வந்து சேருவாள். இன்றைக்கு, என் பொண்ணுக்கு உடம்பு சரியில்ல, அவளுக்காக வேண்டிக்கோ, வேற எதுவும் கேக்காத என்று சொல்லிவிட்டு நடந்துவிட்டாள். கொக்கி இன்னும் அங்கேதான் இருக்கிறது, பெயிண்ட் கூட அடித்துவிட்டார்கள். அது நீ ஆடின கொக்கி, இனி யாருக்காகவும் அது காத்திருக்க வேண்டாம்.

எங்களுக்கு விசாவுக்கு நாள் கொடுத்திருப்பது உன் ஆப்பரேஷனுக்கு அப்புறம்தான். அன்றைக்கு உன் பக்கத்தில் இருக்க முடியவில்லையே என்பதுதான் என் நெஞ்சைப் போட்டு அறுக்கிறது. அங்கே உனக்கு ஆப்பரேஷன் நடக்கிற நேரம் பூராவும் நாங்கள் இரண்டு பேரும் கோயிலில் இருப்போம். மாதா உன்னைத் தன் மேலங்கிக்குள் வைத்துக் காப்பாற்றட்டும். மாப்பிள்ளையை நேரத்துக்குச் சாப்பிடச் சொல், அவரும் மெலிந்து போயிருப்பார். வடகத்தை வெயில் வரும்போது ஒருதரம் எடுத்துக் காய வை, பூசணம் பிடித்துவிடும்.

எழுதினதையெல்லாம் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். தான் மணலில் உட்கார்ந்து அழுததை ஏன் எழுதினீர்கள் என்று கோபித்துக்கொண்டாள், ஆனால் அந்த வரிகளை அடித்துவிடவும் விடவில்லை. அப்படியானால் நீயே கீழே எழுது என்று பேனாவைக் கொடுத்துவிட்டேன்.

நெற்றியில் சிலுவை போட்டு முத்தத்துடன்,
உன் அப்பா
சூசை

மெரின் கண்ணு, கையெழுத்துப் போட்டுடு. எழுந்ததும் எனக்குப் போன் பண்ணு. எது இருந்தாலும் எது இல்லேன்னாலும் எங்கிட்டயே சொல்லு. இந்தத் தடவை போனை அப்பாகிட்ட குடுக்க மாட்டேன்.
அம்மா
பெர்னதெத்