கூரை மடங்கும் காருக்கு ஒரு கேமரா

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நானும் அம்மாவும் சௌக்கியமாக இருக்கிறோம், என் முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முரண்டு பிடிக்கிறது. நீயும் அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டு, குளிருக்கு ஒழுங்காகப் போர்த்திக்கொண்டு நன்றாக இருப்பாய் என்ற நம்பிக்கையில்தான் இதை ஆரம்பிக்கிறேன். போன் இருக்கும்போது இதென்ன கடிதம் என்று நீ சிரிப்பது தெரிகிறது. போனில் பேசும்போது உன் அம்மா பக்கத்திலேயே நிற்கிறாள், அவளைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை சொல்ல வாயெடுத்தால் போதும், போனைப் பிடுங்கி "அங்க மழையா" என்று ஆரம்பித்துவிடுகிறாள். அவளைப் புகழ எனக்குக் காகிதத்தை விட்டால் வேறு வழியில்லை.

முன்பு ஒருநாள் போனில் நீ "அந்தக் காரை வித்துத் தொலைங்கப்பா" என்றாயே, அதைப் பற்றித்தான். உன் மேல் தப்பில்லை. நீ அங்கே போன பிறகு வாங்கிய கார், போட்டோவில் பார்த்ததோடு சரி. இந்த வயசில் கூரை மடங்குகிற கார் எதற்கு என்று தோன்றுவது நியாயம்தான். ஆனால் உன் அம்மா மாதிரி நாடகத்துக்கு உடை தைக்கிறவளுக்கு அது ஆடம்பரம் இல்லை கண்ணு. நீ சின்னப் பிள்ளையில் 'தலையில்லாக்கா' என்று பேர் வைத்தாயே, அந்தத் தையல் பொம்மைக்கு ராணியின் கவுனை மாட்டி, விசிறி மாதிரி நிற்கிற காலர் கசங்காமல் அரங்கத்துக்குக் கொண்டுபோக வேண்டுமென்றால் மேலே வானம்தான் இருக்க வேண்டும். ஓட்டுவது அம்மா. பக்கத்து முன் சீட் அக்காவுக்கு, பெல்ட்டோடு. பின் சீட் எனக்கு, ஊசிப் பெட்டியோடு. வண்டி போகிற வழியைப் படம் பிடிக்க நீ ஆசையாக அனுப்பிய கேமராவை முன்கண்ணாடியில் ஒட்டிய வாரமே அரங்கத்து வாசலில் எவனோ கையை விட்டுப் பூப்பறிக்கிற மாதிரி பறித்துக்கொண்டு போய்விட்டான், பூட்டை உடைக்கிற சிரமம்கூட அவனுக்கு இல்லை. அந்தச் சூடு ஆறுவதற்குள் விளக்குச் சாமான் ஏற்றி வந்த லாரி ரிவர்ஸில் வந்து நம் கதவை நசுக்கியது. டிரைவரோ "அந்தம்மாதான் வந்து இடிச்சாங்க" என்று ஒரே போடாகப் போட்டான். காட்ட ஒரு படமும் இல்லை. அரங்கத்து மேனேஜர் முதற்கொண்டு எல்லாரும் இவளுக்கு வயசாகிவிட்டது என்பதுபோல் பார்த்தார்கள், அதுதான் அவளைச் சுட்டது. நீயும் விற்கச் சொன்னதும் "சரி, பாக்கலாம்" என்று கார்ச் சாவியைக் கத்தரிக்கோல் தொங்குகிற ஆணியில் மாட்டிவிட்டு, கவுனை மடித்து எடுத்துக்கொண்டு டாக்சியில் போக ஆரம்பித்தாள். ராணி மடிப்புக்கோடு விழுந்த கவுனோடு மேடைக்கு வந்தாள். அதைப் பார்த்துவிட்டு வந்த அன்று உன் அம்மா சரியாகச் சாப்பிடவில்லை.

மறுநாள் அளவு டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு "கிளம்புங்க, கேமரா வாங்கணும்" என்று நிற்கிறாள். காரின் உள்கண்ணாடிக்குப் பின்னால் எவ்வளவு இடம் இருக்கிறதென்று ஜாக்கெட்டுக்கு வெட்டுகிற மாதிரி பிரவுன் பேப்பரில் வெட்டி வேறு எடுத்து வந்திருந்தாள். கடைக்காரர் பெரிய திரை வைத்த கேமராக்களாக எடுத்துப் போட, இவள் பேப்பரை வைத்து வைத்துப் பார்த்து "இது வெளிய பிதுங்குதே தம்பி, இன்னும் சின்னதா காட்டுங்க" என்று, ஏதோ கைக்குழந்தைக்குச் சட்டை பார்ப்பவள் போல ஒவ்வொன்றாகத் தள்ளினாள். விளக்கு மினுக்மினுக்கென்று எரிந்தால் அதுவே திருடனுக்கு அழைப்பு, அதை அணைக்க முடியுமா என்று கேட்டாள். கேமராவைத் தூக்கிக்கொண்டு போனால் உள்ளே இருக்கிற படமும் போய்விடுமே என்று கேட்டாள். அவருக்கும் உற்சாகம் வந்துவிட்டது, ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு, "தனி சிம் போட்ட ஒண்ணு இருக்கும்மா, யாராவது வண்டியைத் தொட்டாலே படம் உங்க போனுக்கு வந்துடும், கேமரா போனாலும் படம் போகாது" என்றார். திறந்த காரில் வெயிலுக்கு பேட்டரி உப்பிவிடும், பேட்டரி இல்லாததாகப் பாருங்கள் என்று அவரே சொன்னார். பின்னால் ஒட்ட இன்னொரு கேமராவும் தருகிறேன் என்றபோது மட்டும் இவள் விடவில்லை, "கூரை மடங்கறப்ப பின் கண்ணாடியும் சேர்ந்துல்ல மடங்கும், அதை எங்க ஒட்டறது" என்றாள். கடைசியில் வெளியே ஒரு கண், உள்பக்கம் ஒரு கண் என்று இருந்த ஒன்று கிடைத்தது, கூரையைத் திறந்தால் பின்னால் வருகிற வண்டியும் உள்கண்ணுக்குத் தெரியும். நானும் என் மூளையைக் கொஞ்சம் செலவழித்து, திருடுபோன கேமராவின் பிடியைக் காலியாகவே ஒட்டி வைத்தால் இங்கே ஒன்றுமில்லை என்று திருடன் போய்விடுவானே என்றேன். "காலிப் பிடியைப் பாத்தா பொருளை எங்கயோ ஒளிச்சு வெச்சிருக்காங்கன்னு தெரிஞ்சு குடைய மாட்டானா? பிடி ஒட்டியிருந்த வட்டக் கறையைக்கூடத் துடைச்சிட்டுத்தான் வந்திருக்கேன்" என்றாள். நான் பர்ஸை எடுத்துப் பணத்தை எண்ண ஆரம்பித்தேன்.

திரையும் கிடையாது, அழகும் கிடையாது, கட்டைவிரல் பருமனில் கறுப்பாக ஒன்று. மெக்கானிக் அதைத் திருகு போட்டு இறுக்கி, ஒயரைக் கண்ணாடி ஓரத்துக்குள்ளேயே விட்டு மறைத்துக் கொடுத்தார். இவளுக்கு அதுவும் போதவில்லை. வெயில் தடுப்பின் அதே சாம்பல் நிறத் தோலில், காற்று போக இடம் விட்டு ஓர் உறை தைத்து, இரண்டு கண்ணுக்கும் இரண்டு காஜா எடுத்தாள் பார், சட்டைப் பொத்தானுக்குக்கூட யாரும் அத்தனை நேர்த்தியாக எடுக்க மாட்டார்கள். எனக்குச் சிரிப்பும் பெருமையுமாக வந்தது. மறுநாள் காரைத் துடைக்கப் போன நான் "கேமராவைக் காணோம்" என்று போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டது. உன் அம்மா வெளியே வந்து என் மூக்குக்கு நேராக விரலை நீட்டி அதைக் காட்டிவிட்டு உள்ளே போனாள்.

போன வாரம் அரங்கத்து வாசலில் காரை நிறுத்திவிட்டு அரங்கத்துக் கதவைத் திறக்க ஆள் தேடிப் போனோம், போன் சிணுங்கியது. படத்தில் ஒருவன் காருக்குள் பாதி உடம்பை விட்டுத் துழாவுகிறான், கண்ணாடியைத் தடவுகிறான், ஒன்றும் அகப்படவில்லை. முன் சீட்டில் போர்த்தியிருந்த துணியை இழுத்தான், உள்ளே நம் அக்கா தலையில்லாமல் பெல்ட் போட்டு உட்கார்ந்திருக்கிறாள். ஐயோ என்று ஒரு செருப்பை விட்டுவிட்டு ஓடினான் பார், மேனேஜர் அதைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்து வயிற்றைப் பிடித்துக்கொண்டார். லாரி டிரைவர் சிரிக்கவில்லை, அன்றிலிருந்து தன் வண்டியை நம் காருக்கு எட்டாத தூரத்தில் நிறுத்துகிறான்.

இனி சொல்லப்போவதுதான் இந்தக் கடிதத்துக்கே காரணம். வீட்டில் அந்தப் படத்தை இன்னொரு தரம் பார்க்கலாமென்று எதையோ அழுத்த, வேறொரு நாளின் படம் ஓட ஆரம்பித்தது. முழங்கால் வலியென்று நான் வீட்டிலேயே இருந்துவிட்ட நாள், காரில் அவளும் அக்காவும் மட்டும். சிக்னலில் நிற்கும்போது அக்காவின் பெல்ட்டைச் சரிசெய்துகொண்டே பேசுகிறாள், "இறுக்கமா இருக்கா? உன் தங்கச்சி வண்டிய வித்துடுங்கறா. பயத்துல சொல்றா, பாவம், தூரத்துல இருந்தா அப்படித்தான் தோணும். அவ வந்து இந்த சீட்ல ஒருதரம் உக்காரட்டும், மேல தெறந்துவிட்டு பாலம் வரைக்கும் ஓட்டிக் காட்டறேன். அப்புறம் விக்கலாமா வேண்டாமான்னு அவளே சொல்லட்டும்." பின்னால் யாரோ ஹாரன் அடிக்க, "போறேம்பா, போறேன்" என்று கியரைப் போட்டாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது, மறைப்பானேன். அவள் அடுக்களையில் இருந்தாள், சட்டென்று சத்தத்தைக் குறைத்துவிட்டேன். நான் கேட்டது அவளுக்குத் தெரியாது, நீயும் காட்டிக்கொள்ளாதே.

உன் வேலையும் உடம்பும் குறையில்லாமல் நடக்க வேண்டும், நீ நினைத்ததெல்லாம் கைகூட வேண்டும் என்று இருவரும் மனதார வாழ்த்துகிறோம். அடுத்த தடவை போனில் காரை விற்பதைப் பற்றி எடுக்காதே, எப்போது வருகிறாய் என்பதை மட்டும் சொல். தலைக்குக் கட்ட ஒரு துணி எடுத்துக்கொண்டு வா, காற்று பலமாக அடிக்கும். முன் சீட் உனக்குத்தான், அக்காவைப் பின்னால் என் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்கிறேன்.

என்றும் உன் நலம் நாடும்
அப்பா